தில்லி – லே விமானப் பயணம்: தொலைவும் நேரமும்

புதுதில்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்துக்கும் லடாக்கின் லே விமான நிலையத்துக்கும் இடையிலான நேரடி வான்வழித் தொலைவு சுமார் 620 கி.மீ. ஆகும். இடைநில்லா விமானங்கள் இத்தொலைவைப் பொதுவாக ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரத்தில் கடக்கின்றன. மணாலி வழியான சாலைப் பயணம் சுமார் 1,000 கி.மீ. நீளும். குளிர்காலப் பனிப்பொழிவால் அச்சாலை மூடப்படும்போது மக்கள் விமானத்தையே பெரிதும் நம்பியுள்ளனர்.

லே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 10,682 அடி உயரத்தில், மலைகள் சூழ அமைந்துள்ளது. பிற்பகலில் காற்று வலுப்பதால், பெரும்பாலான விமானங்கள் முற்பகலிலேயே இயக்கப்படுகின்றன.

தில்லியின் சமவெளியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் அவ்வுயரத்தை அடைவதால், உடல் பழக அவகாசம் கிடைப்பதில்லை. தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் ஏற்படலாம். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாகக்கூடும். எனவே, விமானத்தில் செல்வோர் முதல் 48 மணி நேரம் ஓய்வெடுக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். பயண நேரத்துடன் இவ்விரு நாள்களையும் சேர்த்துத் திட்டமிடுவது அவசியம்.