சுவரிலும் பாலத்திலும் எழுதிய வரலாறு

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு வழிபட்டவர்கள் தமிழர். அம்முறையைப் படிப்படியாக வகுத்துரைக்கும் தொல்காப்பியம், முதற்படியைக் ‘காட்சி’ என்கிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பதே அது. தலைநகரில் வாழும் நாம், பஞ்சாபின் எல்லை மாவட்டங்களுக்குக் காமிராவுடன் இருமுறை சென்றுவந்தபோது இச்சொல்லே அடிக்கடி நினைவுக்கு வந்தது. அங்கே கல்லைத் தேட வேண்டியதில்லை. சுவரும் பாலமும் கரும்பு வயலுமே நடுகற்கள். ஆயினும் அவற்றைக் காண்பது எளிதன்று. தலைமுறைக்கு ஒருமுறை யாரேனும் அவற்றின்மீது புதுச் சுண்ணம் பூசிவிடுகிறார்கள்.

சலுகை விடுப்பில் திருப்பதிக்கும் கன்னியாகுமரிக்கும் செல்லும் நம்மவர், இரவில் வண்டியேறினால் விடியலில் இறங்கிவிடக்கூடிய அமிர்தசரசைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. நினைப்பவரும் பொற்கோயிலையும் மாலைக் கொடியிறக்கத்தையும் கண்டு திரும்பிவிடுகிறார்கள். பொற்கோயிலிலிருந்து சில நிமிட நடையில் உள்ளது ஜாலியன்வாலா பாக்.

1919 ஏப்ரல் 13, வைசாகித் திருநாள். அங்கே கூடியிருந்த மக்கள்மீது ஜெனரல் டயரின் ஆணைப்படி 50 துப்பாக்கி வீரர்கள் ஏறத்தாழப் பத்து நிமிடம் சுட்டனர். செலவான தோட்டாக்கள் 1,650. மாண்டவர் 379 பேர் என்றது அரசின் கணக்கு. காங்கிரஸ் நடத்திய விசாரணை ஆயிரம் என மதிப்பிட்டது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்து வைசிராயின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்ற சர் சங்கரன் நாயர், பஞ்சாபில் நடந்த கொடுமைகளைக் கண்டித்து அவ்வாண்டே பதவியைத் துறந்தார். பின்னர்ப் பஞ்சாபின் முன்னாள் கவர்னர் ஓட்வையர் இலண்டனில் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்து, 1924இல் வெற்றியும் பெற்றார். நீதிமன்றம் யார் பக்கம் நின்றது என்பதும் வரலாறே.

இக்கொடுமைக்குக் காமிரா ஒரு சான்றளித்தது. நாராயண் விநாயக் விர்கர் என்னும் மராட்டியப் புகைப்படக் கலைஞர் அதே ஆண்டில் அங்குச் சென்று, குண்டு துளைத்த சுவர்களைப் படமெடுத்தார். அப்படங்களில் உடல்கள் இல்லை, குருதி இல்லை. செங்கற்சுவரும் அதில் துளைகளும், அவற்றைச் சுட்டிக்காட்டி நிற்கும் மனிதருமே உண்டு. இதனினும் வலிய குற்றப்பத்திரிகையை எந்த வழக்கறிஞரும் எழுதியிருக்க இயலாது.

அங்குக் காண வேண்டிய மற்றொன்று, தோட்டத்துக்குள் புகும் குறுகிய சந்து. டயர் தம்முடன் இரண்டு கவச வண்டிகளையும் கொண்டுவந்திருந்தார். சந்து அவற்றை உள்ளே விடவில்லை. விட்டிருந்தால் அவற்றிலிருந்த இயந்திரத் துப்பாக்கிகளையும் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்பதை அவரே ஹண்டர் குழுவின் முன் மறைக்காது கூறினார். ஆகவே அச்சந்தின் அகலமே ஒரு வரலாற்று ஆவணம். முதன்முறை, 2011இல் நாம் சென்றபோது, அதன் இருபுறமும் வெறுஞ் செங்கற்சுவரே இருந்தது. தோள்கள் இரண்டும் ஏறக்குறைய உரசும் உணர்வு. உள்ளே நுழையும்போதே பேச்சு அடங்கிவிடும். 2021இல் நினைவிடம் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. 2023இல் மீண்டும் சென்றபோது, சந்தின் இருமருங்கும் விழாவுக்கு வரும் மக்களின் புடைப்புருவங்களைக் கண்டோம். சிற்பி திறமுடையவர்தாம். அன்று வந்த எளிய மக்களுக்கு முகம் கிடைத்தது என்று பாராட்டுவாரும் உளர். நமக்கோ அது ஏற்கவில்லை. மக்கள் அந்த உருவங்களோடு தோள்சேர்த்து நின்று படமெடுத்துக்கொண்டிருந்தனர். சுவர் அங்கே மறைந்துவிட்டது. வரலாற்றறிஞர் பலரும் இதனைக் கண்டித்தனர். நம்மிடம் உள்ள 2011ஆம் ஆண்டுப் படம் சாதாரணமானது, சற்றே இருண்டது. ஆனால் அதில் இருப்பது வெறுஞ்சுவர்.

எல்லைக்கோட்டின் கதையை நம் வாசகர் அறிவர். 1947 ஜூலையில் முதன்முறையாக இந்திய மண்ணை மிதித்த ராட்கிளிஃப் ஐந்தே வாரத்தில் கோடு கிழித்துவிட்டுச் சென்றார். ஆகஸ்ட் 17ஆம் நாள் அது வெளியாயிற்று. அக்கோட்டைக் கடந்து சென்ற மக்கள் கூட்டத்தை மார்கரெட் பூர்க்-வைட் என்னும் அமெரிக்கப் பெண்மணி எடுத்த படங்கள் உலகறிந்தவை. அட்டாரியின் மாலைக் கொடியிறக்கத்தில் ஆயிரம் கைப்பேசிகள் உயர்வதைக் கண்டபோது, அதே சாலையில்தான் அந்த மாட்டுவண்டிகளும் வந்தன என்பதை எத்துணை பேர் நினைத்தனரோ! நாமும் இரண்டு படம் எடுத்தோம். எல்லார் படமும் ஒன்றுபோல் இருந்தது.

கேம்கரணுக்கு அருகிலுள்ள அசல் உத்தர் வேறு வகை. 1965 செப்டம்பரில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் இப்பக்கம் பெருகி வந்தன. நம் படையினர் வயல்களில் நீரைப் பாய்ச்சிவிட்டுக் கரும்பினூடே மறைந்து காத்திருந்தனர். சேற்றில் சிக்கிய டாங்கிகள் அழிந்தன. ஜீப்பில் பூட்டிய பீரங்கியால் அவற்றைத் தாக்கி உயிர்நீத்த அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பெற்றது. அவர் கல்லறை அங்கேயே உள்ளது. அதைத் தவிரக் காமிராவுக்கு அங்கு எதுவுமில்லை, பயிர்தான். நிலம் தன் வடுவைத் தானே ஆற்றிக்கொண்டுவிட்டது.

பெரோஸ்பூரை அடுத்த ஹுசைனிவாலாவில் அப்படி இல்லை. 1931 மார்ச் 23 மாலை லாகூர்ச் சிறையில் தூக்கிலிடப்பெற்ற பகத்சிங், சுகதேவ், ராஜகுரு மூவரின் உடல்களை அரசு இரவோடிரவாகக் கொண்டுவந்து சட்லெஜ் கரையில் எரித்தது. பிரிவினையில் அவ்விடம் பாகிஸ்தானுக்குப் போயிற்று. 1961இல் சுலைமான்கி அணைக்கு அருகிலுள்ள 12 சிற்றூர்களைக் கொடுத்து இந்தியா அதைப் பெற்றது. ஊர்களைக் கொடுத்துச் சுடுகாட்டை வாங்கிய அரசு உலகில் வேறு உண்டோ? 1971 டிசம்பர்ப் போரில் அது மீண்டும் கைமாறியது. நினைவிடம் சிதைக்கப்பட்டது. சிலைகள் கொண்டுசெல்லப்பட்டன. மீட்டபின் 1973இல் மறுபடி கட்டினர். பகத்சிங்கின் தோழர் படுகேஷ்வர் தத்தும், பகத்சிங்கின் அன்னை வித்யாவதியும் அதே மண்ணில்தான் எரியூட்டப்பட்டனர்.

ஆற்றங்கரையில் கைசரே ஹிந்த் பாலத்தின் எஞ்சிய கோபுரம் நிற்கிறது. காவலில் இருந்த வீரர் ஒருவர் நம் பேச்சைக் கேட்டுவிட்டு அருகில் வந்தார். “ஊர்ல எங்க சார்?” என்றார். அவர் தென்காசிப் பக்கம். “கோபுரத்த நல்லா எடுத்துக்குங்க. வேலிப் பக்கம் மட்டும் காமிராவத் திருப்பிடாதீங்க” என்று சொல்லி, 1971இன் குண்டுத் துளைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். அவர் பிறப்பதற்கு முன் விழுந்த துளைகள்! தம் வீட்டுச் சுவரைக் காட்டுவதுபோல் காட்டினார்.

கசூர் வழியாக லாகூருக்குச் சென்ற இருப்புப்பாதை இன்று அங்கே முடிந்துவிடுகிறது. ஆண்டுதோறும் மார்ச் 23 அன்று பெரோஸ்பூரிலிருந்து சிறப்பு வண்டியொன்று மக்களை ஏற்றிக்கொண்டு அதுவரை வந்து திரும்புகிறது. அப்பாதையையும் கோபுரத்தையும் எடுத்த படங்களை அச்சிட்டு, பின்புறத்தில் நாளும் இடமும் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறோம். வெறுஞ்சுவரின் படமும் அக்கட்டில் உள்ளது.