கொட்டகுடி ஆறும் குரங்கணி வழியும்

குடமுழுக்கு விழாக் காண வந்திருக்கும் மெய்யன்பர்களுக்கு நம் ஊரின் பழமையைச் சிறிது நினைவூட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

மேற்கு மலையின் சரிவில், போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் அமைந்தது குரங்கணி. இம்மலைப் புறத்தினின்று இறங்கிவரும் கொட்டகுடி ஆறு, போடியை வளம்படுத்தித் தேனியை அடுத்து வையையோடு கலக்கின்றது. நாயக்கர் காலத்துப் பாளையங்களுள் ஒன்றாக விளங்கிய போடிக்கு நீரைத் தந்தது இவ்வாறு. பொருளைத் தந்தது குரங்கணி மலைவழி.

அவ்வழியின் பழமைக்கு முதுவர் குடியினரின் மரபுச் செய்தி ஒரு சான்று. மதுரையை விட்டு மலையேறியபொழுது அன்னை மீனாட்சியின் திருவுருவை முதுகிற் சுமந்து சென்றமையால் அப்பெயர் பெற்றனர் என்பர். தெய்வத்தைச் சுமந்து சென்றவர்களின் நினைவு உலவும் மலை இது.

பின்னர் மூணாற்றில் தேயிலைத் தோட்டங்கள் தோன்றின. மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையும், 1908-இல் சிற்றிருப்புப்பாதையும் அமைந்தன. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியே கொட்டகுடி அடிவாரத்திற்கு இறங்கி, வண்டிகளில் போடியை அடைந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மலைமீதிருந்த அவ்விருப்புப்பாதையை அழித்தது. கம்பிவழியும் காலப்போக்கில் மறைந்தது.

1928-இல் மதுரையிலிருந்து போடிக்குப் புகைவண்டி வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. 1950-களில் மீண்டும் இடப்பட்டன. அகலப்பாதைப் பணிக்காக 2010-இன் இறுதியில் நின்ற வண்டி, 2023 ஜூனில் மறுபடியும் போடியை வந்தடைந்தது. ஏலமலையின் ஏலக்காய் இன்றும் போடிக்கு வந்து ஏலத்தில் விலைபோகின்றது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? மனிதர் சமைத்தவை சிதையும். சிதைந்தவற்றை மனிதரே புதுப்பிக்கலாம். பெயர்ந்த தண்டவாளம் மீண்டும் அமைந்தது. பழுதுற்ற விமானமும் அன்பர்தம் பொருளுதவியால் புதுப்பொலிவு பெற்றுக் குடமுழுக்குக் காண்கின்றது. ஆயின் ஆற்றின் பிறப்பிடமாகிய காடு அழியுமாயின், அதற்கு எந்தத் திருப்பணிக் குழுவும் ஈடுசெய்ய இயலாது. ஒரு மரம் வளர ஒரு தலைமுறை வேண்டும். 2018 மார்ச் 11-ஆம் நாள் குரங்கணிச் சரிவில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்த துயரம் நம் நெஞ்சை விட்டு அகலாது. காட்டில் நெருப்பைக் குறித்து எத்துணை விழிப்பு வேண்டும் என்பதற்கு அதுவே போதிய படிப்பினை.

கலசத்தில் நிறைவது நீரே. அந்நீரின்றி அபிஷேகம் இல்லை. ஆகவே கோயிலுக்குக் கொடை ஈந்த கைகள் மலைக்கும் ஆற்றுக்கும் காவலாக நிற்பதும் இறைபணியே ஆகும். ஆற்றிற் குப்பை எறியாமையும், காட்டில் தீ மூட்டாமையும், மரத்தைப் பேணுதலும் பொருட்செலவில்லாத திருப்பணிகள். அவற்றை இந்நன்னாளில் மேற்கொள்வோமாக. மலை தழைக்க, ஆறு பெருக, அடியார் குடி வாழ்க!