சித்தம் நிலைகொள்ளாதவர் சரித்திரம்

அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பகுதியில், பூர்வத்தில் கடல் பரவிக் கிடந்து பின்வாங்கியதன் அடையாளமாகச் சுண்ணாம்புக்கல் படிந்திருக்கும் பூமியின் நடுவே அமைந்த ஆலத்தியூரை வெளியூரார் இன்று அறிவது, அங்குள்ள சிமெண்ட் ஆலையின் பெயரால்தான். ஆலை வந்தது 1990களின் பிற்பகுதியில். அதற்கு முந்திய தலைமுறைகள் முந்திரியையும் கடலையையும் வானத்து மழையையும் நம்பிக் காலம் கழித்தன. அத்தலைமுறைகளில் ஒருவனுக்குச் சித்தம் கலங்கினால் அவனுடைய சுற்றத்தார் எங்கே போகக்கூடும், அங்கே எந்த நோய் நோயாக மதிக்கப்பட்டது, எது மதிக்கப்படாமலே போயிற்று என்று விசாரிப்பது, இன்றைக்கும் அத்தகைய ஊர்களில் வாய்விட்டுச் சொல்லாமல் வாடுகிற சிலருடைய துயரத்தை விளங்கிக்கொள்ள அவசியமென்று கருதுகிறேன்.

1995 வரை இந்தப் பகுதி முழுவதும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த ஜில்லாவில் மனநோய் என்றவுடன் ஜனங்களின் நாவில் வரும் பெயர் குணசீலம். திருச்சியிலிருந்து முசிறி போகும் சாலையில், காவிரியின் வடகரையில், கையில் செங்கோல் தாங்கி நிற்கும் பிரசன்ன வேங்கடாசலபதியின் சந்நிதியில் நோயாளியை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைப்பது நெடுங்காலச் சம்பிரதாயம். பூஜை முடிந்ததும் அவர்களை உட்காரவைத்து அர்ச்சகர் தீர்த்தத்தை முகத்தில் விசிறித் தெளிக்கிறார். குளிர்ந்த நீர் நெற்றியிலும் கண்ணிலும் பட்ட மாத்திரத்தில், எங்கோ வெறித்திருந்தவன் திடுக்கிட்டு மூச்சை இழுத்து, ஒரு கணமேனும் தன் எதிரே நிற்பவரை ஏறிட்டுப் பார்க்கிறான். அவனோடு வந்த உறவினரும் அத்தனை நாளும் உடன் தங்குகிறார்கள் என்பதுதான் இந்த வழக்கத்தில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வீட்டார் கூட இருந்து நோயாளியைக் கவனிப்பது அவன் தேறுவதற்கு எவ்வளவு துணை என்பதை வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவும் பிற்காலத்தில் தன் முறையிலேயே ஏற்றுக்கொண்டது.

கோயில் வாசத்தால் பலன் உண்டா என்பதைப் பெங்களூர் மருத்துவர்கள் உள்ளிட்ட ஒரு குழுவினர் பாரபட்சமின்றி ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி என்னும் பெரியவரின் சமாதிக் கோயிலில் தங்கிய 31 பேரை அவர்கள் கவனித்தபோது, மருந்து எதுவும் இல்லாமலே, நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இதைக் கேட்டுச் சிலர் மகிழ்வர், சிலர் முகம் சுளிப்பர். நான் கவனிக்க வேண்டுவது வேறொன்று: அந்த 31 பேரில் பெரும்பாலோர் சந்தேகமும் பிரமையும் மிகுந்த தீவிர மனச்சிதைவுக்கு ஆளானவர்கள்; எஞ்சியவர்களும் பிரமை நோயாலோ வெறியெழுச்சியாலோ பீடிக்கப்பட்டவர்கள். ஊர் பார்த்து அஞ்சும்படியான நோய் மட்டுமே கோயிலுக்கு வந்தது.

கோயிலை விட்டுச் சர்க்கார் ஸ்தாபனங்களை நோக்கினாலும் கதை அதுவேதான். சென்னையில் 1794இல் கும்பினியாரின் வைத்தியர் வாலன்டைன் கானலி பைத்தியக்கார விடுதி ஒன்றை நிறுவினார். 1871இல் கீழ்ப்பாக்கத்தில், லோகாக் தோட்டத்தில், அரசாங்க விடுதி திறக்கப்பட்டது. 1912இல் வந்த சட்டம், யாரை எந்த நீதிபதியின் உத்தரவின்மேல் அடைத்துவைப்பது, எப்பொழுது விடுவிப்பது என்பதிலேயே கருத்தைச் செலுத்திற்று. பிற்காலத்தில் கீழ்ப்பாக்கத்துக்குத் தலைமை தாங்கிய டாக்டர் சாரதா மேனன் போன்ற உத்தமமான மருத்துவர்கள் அந்த மதில்களைக் கருணையால் தாழ்த்தினார்கள். அவர் 1984இல் தோற்றுவித்த ‘ஸ்கார்ஃப்’ ஸ்தாபனமும் மனச்சிதைவு நோயாளருக்கெனவே எழுந்தது. அது நியாயமும்கூட, கொடிய நோய்க்கு முதலிடம் தரத்தானே வேண்டும்! 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தீயில் சிக்கி, 28 உயிர்கள் போனபின், நாடு முழுவதும் பதறியதும் அந்தக் கூட்டத்தாரை முன்னிட்டுத்தான்.

இந்த இருநூறு ஆண்டுகளிலும் எவர் கண்ணிலும் படாத மற்றொருவன் உண்டு. அவன் பிரமை கொள்வதில்லை, கூச்சலிடுவதில்லை. மடையைத் திறந்துவிட்டு வரப்பில் நிற்கும்போதே வேறொரு காரியம் நினைவுக்கு வர, தண்ணீரை மறந்து ஊருக்குள் போய்விடுகிறான். கூட்டுறவுச் சங்கத்துக் கடன் தவணை நாளை மறக்கிறான். ஒருவர் பேசி முடிக்குமுன் இடையில் பாய்ந்து பேசுகிறான். எடுத்த வேலை எதையும் முடிக்காமல் அடுத்ததைத் தொடுகிறான். ஊரார் அவனுக்கு ‘அவசரக்குடுக்கை’, ‘பொறுப்பத்தவன்’ என்று பட்டம் சூட்டுகிறார்கள். முப்பது வயதுக்கு மேல் அந்தத் துடிப்பின் மீது ஒரு பெரிய சோர்வு வந்து கவிகிறது. உண்ணப் பிடிக்காமல், உறங்க முடியாமல், ‘எனக்கு எதுவும் கைகூடாது’ என்று அவனே தன்னைப் பற்றித் தீர்ப்பெழுதிவிடுகிறான். கவனக்குறைவு மிகைச்செயல் கோளாறு என்று இன்று மருத்துவர் கூறுகிற, ஏ.டி.எச்.டி. என்ற எழுத்துக்களால் பத்திரிகை படிப்போர் அறிந்திருக்கிற நிலை இது. அதனோடு மனச்சோர்வு கூடிவருவது பெரியவர்களிடத்தில் மிகச் சாதாரணம்.

மேல்நாட்டிலும் இவனை அடையாளம் காண நெடுநாள் பிடித்தது. சென்னை விடுதி தோன்றி நாலே ஆண்டு சென்று, 1798இல், அலெக்சாண்டர் கிரைட்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் மனக்கலக்கத்தைப் பற்றிய தம் நூலில், எதிலும் கவனத்தை ஊன்றமுடியாமல் பிறக்கும் சிலரைத் தெளிவாக வருணித்தார். ஆனால் வயது ஏற ஏற அது தணிந்துவிடும் என்று ஆறுதலும் சொல்லிவைத்தார். பிராங்க்பர்ட் நகரத்து ஹைன்ரிஷ் ஹாஃப்மன், பின்னாளில் மனநோய் விடுதிக்கே தலைவரானவர், 1840களில் உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாத பிலிப் என்ற பையனை ஒரு படக்கதைப் புத்தகத்தில்தான் தீட்டினார். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் நிகழ்த்திய பிரசித்தி பெற்ற விரிவுரைகளும் குழந்தைகளைப் பற்றியவையே. கிரைட்டனின் அந்த ஆறுதல் மொழி, மருத்துவ உலகில் ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டு கேள்விமுறையின்றி நிலவிற்று என்பதை நினைக்கும்போது எனக்கு மிகுந்த வேதனை உண்டாகிறது. 1970களில் அமெரிக்காவில் பால் வெண்டர் முதலியோர் வளர்ந்தவர்களிடத்தும் இது நீடிப்பதை எடுத்துக்காட்டினர். 1980இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் கையேடு, பிள்ளைப் பருவத்தின் மிச்சமாக இதைப் பெரியவர்களுக்கும் ஒருவாறு ஒப்புக்கொண்டது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் பெரியவர்களுக்கென்று தனி அளவுகோல் வகுக்கப்பட்டது.

ஆயினும், அலைபாய்கிற மனமும் அடங்கிக் கிடக்கிற மனமும் ஒரே ஆளிடம் எப்படிக் குடியிருக்கும் என்ற வினா எஞ்சி நின்றது. அதற்கு விடை தேடும் வழி வேறொரு திசையில் திறந்தது. 1937இல் சார்லஸ் பிராட்லி, அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாகாணத்துக் குழந்தை மருத்துவ விடுதி ஒன்றில், துடிப்பும் முரண்டும் மிகுந்த 30 பிள்ளைகளுக்கு, விழிப்பைத் தூண்டும் மருந்தாகிய பென்செட்ரினைக் கொடுத்தார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அடங்கி அமர்ந்து பாடத்தில் ஈடுபட்டார்கள். தூண்டும் மருந்து அடக்குவானேன்? ஜெர்மானியர் ஹான்ஸ் பெர்கர் மண்டையோட்டின் மேலிருந்தே மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து 1929இல் பிரசுரித்திருந்தார். 1949இல் மொருட்சி, மகூன் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், மூளைத்தண்டில் உள்ள வலைப்பின்னல் பகுதியே மூளை முழுவதையும் விழிப்பில் நிறுத்துகிறது என்று நிரூபித்தார்கள். இவற்றைக் கொண்டு, 1970களில் சாட்டர்ஃபீல்ட் என்பவர், துடிப்பான பிள்ளைகளில் சிலரிடம் மூளையின் விழிப்பு மிஞ்சியிராமல் குறைந்தே இருக்கிறது என்று வாதித்தார்.

இதை விரிவாக வளர்த்தவர்கள், அப்போது லைப்சிக் நகரத்தில் பணியாற்றிய உல்ரிஷ் ஹெகெர்லும் அவருடைய சகாக்களும். அவர்களுடைய பரிசோதனை பார்வைக்கு எளியது. தலையில் மின்முனைகளைப் பொருத்தி, அமைதியான அறையில், கண்ணை மூடிச் சாய்ந்திருக்கச் சொல்கிறார்கள். கால்மணி நேரம், இருபது நிமிஷம். சாதாரணமானவரின் அலைகள் மெல்ல மெல்லப் படியிறங்கிக் கண்ணயர்வை நோக்கிச் செல்லும். கவனக்குறைவுடையவரின் விழிப்போ விரைவில் சரிவதும் தடுமாறுவதுமாக இருக்கிறது. மனச்சோர்வுற்றவரிடம் அது இறங்க மறுத்து, முறுக்கிய நிலையிலேயே நெடுநேரம் நிற்கிறது. தூக்கம் கண்ணைச் சுற்றும் குழந்தை படுக்காமல் ஓடியாடி அமர்க்களம் செய்வதைத் தாய்மார் அறிவார்கள். அதுபோலச் சரிகிற விழிப்பைத் தூக்கி நிறுத்தவே முன்னவனின் உடம்பு துடிக்கிறது என்பதும், தணியாத விழிப்பைத் தணிக்கவே பின்னவன் ஒதுங்கி ஒடுங்குகிறான் என்பதும் இவர்கள் கொள்கை. அப்படியானால் இரண்டும் ஒருங்கே உடையவரின் மூளை எந்தப் பக்கம் சாய்கிறது, அவருடைய சோர்வு எவ்வகையைச் சேர்ந்தது என்பதை லைப்சிக் ஆராய்ச்சியாளர் இதே முறையால் ஆராய்ந்து வருகிறார்கள். இது முடிந்த முடிவன்று. மூளையலையை மாத்திரம் பார்த்து நோயை நிர்ணயிக்கும் நாள் இன்னும் வரவில்லை. ஆனால் அந்த மனிதனைச் சோம்பேறி என்று தள்ளுவதற்கு இடமில்லாமல் செய்தது என்ற ஒன்றுக்காகவே நான் இந்த ஆராய்ச்சியைப் போற்றுகிறேன்.

ஆலத்தியூரில் உள்ள சிமெண்ட் ஆலையின் சூளை இரவு பகல் அணையாதது; அதற்கேற்ப ஆட்களும் ஷிப்டு மாறி மாறி விழித்திருக்க வேண்டும். விழிப்பின் ஒழுங்கே பிறவியில் ஆட்டம் கண்ட ஒருவனுக்கு அப்படிப்பட்ட வேலை எவ்வளவு கடினமென்று, அவனுக்கு மேலே இருப்பவர்கள் சிந்தித்தால் நல்லது.

நம் நாட்டிலும் பிள்ளைகள் பக்கம் சிறிது வெளிச்சம் விழுந்திருக்கிறது. கோயமுத்தூர் மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளில் 770 குழந்தைகளை ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரை, நூற்றுக்குப் பதினொருவரிடம் இந்தக் கவனக்குறைவு இருப்பதாகக் கண்டது. ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக 2016இல் இயற்றிய சட்டம் எண்ணிச் சொல்லும் 21 வகைகளில் இதற்குத் தனியிடம் இல்லை.

மாவட்ட மனநலத் திட்டத்தை மத்திய சர்க்கார் 1996-97இல் நாலு மாநிலங்களில் தொடங்கியபோது தமிழ்நாட்டில் தெரிந்தெடுக்கப்பட்டது திருச்சிராப்பள்ளி. அதற்குச் சற்று முன்னர்தான், 1995இல், ஆலத்தியூரையும் உள்ளடக்கிப் பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்திருந்தது. ஆதலால் அந்த முதல் வெளிச்சம் விழுந்த எல்லைக்கு வெளியே ஆலத்தியூர் நின்றுவிட்டது. அரியலூர் 2007இல் நிலையான தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. முன்போல் மூட்டை கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகும் அவசியம் இப்போது இல்லை.

உங்கள் வீட்டில் பள்ளி நாள் தொட்டே நிலைகொள்ளாமல் திரிந்து, இப்போது சோர்ந்து ஒடுங்கியிருக்கும் தம்பியோ மகளோ இருந்தால், சோர்வை மட்டும் சொல்லிவிட்டு வராமல் பிள்ளைப் பருவத்துக் கதையையும் மனநல மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். பெண்களாயின், அவர்கள் ஓடியாடாமல் கனவிலேயே இருந்திருக்கக்கூடும், அதையும் சொல்லுங்கள். மருத்துவர் விசாரித்தறிந்து தரவேண்டிய மருந்துகளைக் கடையில் நீங்களாக வாங்க முயலவேண்டாம். உயிரை வெறுத்துப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். யாரிடம் தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு, 2022 அக்டோபர் முதல் அரசாங்கம் நடத்திவரும் டெலிமானஸ் என்ற இலவசத் தொலைபேசி உதவி இருக்கிறது. அதன் எண் 14416.