கைப்பேசிக்காரரைத் தேடும் சட்டமும் தேடப்படாத குழந்தையும்

சென்னை அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் 2020-இல் பதிவான வழக்கு ஒன்றுதான், குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டும் காட்சிகள் குறித்த இந்தியச் சட்டத்துக்கு இன்றைய விளக்கத்தைப் பெற்றுத்தந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் கைப்பேசியில் அத்தகைய இரண்டு காணொளிகள் இருந்தன. தனிமையில் பதிவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் வழக்கை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 23-இல் அதை மாற்றியது. பகிரும் நோக்கத்துடன் அழிக்காமலும் புகாரளிக்காமலும் வைத்திருப்பதே போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவில் குற்றம். நோக்கத்தைச் சூழ்நிலையிலிருந்து ஊகிக்கலாம் என்றது. சரியான தீர்ப்பு. ஆயினும் அக்காணொளிகளில் இருந்தவர்கள் யார், மீட்கப்பட்டார்களா என்பது வழக்கின் கேள்வியாகவில்லை. 15-ஆம் பிரிவுக்கு அக்கேள்வி தேவையும் இல்லை. நமது அமலாக்கமே இப்படித்தான் அமைந்திருக்கிறது என்பதே என் வாதம்.

அமெரிக்க இணைய நிறுவனங்கள் தங்கள் தளத்தில் கண்ட இத்தகைய காட்சிகளை, காணாமற்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அந்நாட்டுத் தேசிய மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2019-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்தியா தொடர்பானவை தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வழியாக மாநிலக் காவல்துறைகளுக்கு வருகின்றன. 2023-இல் அம்மையத்துக்கு வந்த 3.62 கோடி அறிக்கைகளில் சுமார் 89 இலட்சம் இந்தியாவுடன் தொடர்புடையவை. வேறெந்த நாட்டுக்கும் இவ்வளவு இல்லை. மேடைதோறும் ஒலிக்கும் இந்த எண் அத்தனை குழந்தைகளைக் குறிப்பதல்ல. 2009-இல் உருவான ஃபோட்டோடிஎன்ஏ போன்ற கருவிகள், முன்பே அறியப்பட்ட படத்தின் எண்ம ரேகையுடன் புதிய பதிவேற்றத்தை ஒப்பிடுகின்றன. ஒரே காணொளி ஆயிரம் பேர் கைமாறினால் ஆயிரம் அறிக்கைகள் வரலாம். நேற்றிரவு எடுத்த படத்துக்கோ ஒப்பிட ரேகையே இராது. காவலர் கைக்கு வருவது ஓர் ஐ.பி. முகவரி, அதைப் பிடித்துக்கொண்டு போனால் கைப்பேசிக்காரர் கிடைப்பார்.

குழந்தையை அடையாளம் காண்பது வேறு வகை உழைப்பு. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017 முதல், படங்களிலிருந்து குழந்தையை நீக்கிவிட்டு, பின்னணியிலுள்ள பை, துணி போன்ற பொருள்களை மட்டும் வெளியிட்டு, எங்கேனும் கண்டதுண்டா என்று பொதுமக்களைக் கேட்கிறது. இந்தியக் காணொளியொன்றில் சுவரில் தொங்கும் நகைக்கடை நாட்காட்டி, கொடியில் காயும் பள்ளிச் சீருடை, அடுத்த அறையில் கேட்கும் பேச்சின் வட்டார வாடை ஆகியவற்றை ஐரோப்பிய ஆய்வாளரைவிட நம்மூர்ப் பெண் காவலர் விரைவில் படித்துவிடுவார். குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டல் குறித்த இன்டர்போலின் சர்வதேசத் தரவுத்தளத்தில் இந்தியா 2022-இல் மத்தியப் புலனாய்வுத் துறை மூலம் சேர்ந்தது. அந்தத் தரவுத்தளம் தில்லியோடு நின்றுவிட்டால் நம்மூர்க் காவலரின் கண் பயன்படாது.

வைத்திருப்பவரைத் துரத்தினாலே குழந்தையிடம் போய்ச் சேரலாமே என்பர். சில வேளை சேரலாம். 2020 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடத்தில் பணியாற்றிய நீர்ப்பாசனத் துறைப் பொறியாளர் ஒருவரை மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. பத்தாண்டுகளாகச் சுமார் 50 குழந்தைகளைச் சீரழித்து, காட்சிகளை இணையத்தில் விற்றார், பணமும் கைப்பேசியும் கொடுத்து அவர்கள் வாயை அடைத்தார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு. ஆனால் அவர் படம் தயாரித்ததாகக் கூறப்பட்டவர். வெறுமனே வைத்திருந்தவர் அல்லர். வைத்திருப்போர் பட்டியலை மேலிருந்து கீழாக முடித்துக்கொண்டே போனால், இத்தகையவர் அதில் எந்த வரிசையில் வருவார்?

அமெரிக்க மையத்துக்குத் தெரிவித்தால் மட்டும் போதாது, போக்சோ சட்டப்படி இங்குள்ள காவல்துறைக்கும் தெரிவித்தால்தான் நிறுவனங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு என்றும் உச்ச நீதிமன்றத்தின் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே அறிக்கைகள் இன்னும் பெருகும். புதிய படங்களைத் தனியே பிரிக்கும் குழு ஒவ்வொரு மாநில இணையக் குற்றப் பிரிவிலும் வேண்டும். படத்திலுள்ள குழந்தையைக் கண்டறிய என்ன செய்யப்பட்டது என்ற பத்தி இல்லாத குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் திருப்பி அனுப்ப வேண்டும்.