பாப்பாரப்பட்டிக்கு வந்த பத்திரிகைக்காரர்

1908 செப்டம்பரில் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகம் இதழியலுக்கென்று தனிக் கல்விக்கூடம் ஒன்றைத் திறந்தது. உலகின் முதல் இதழியல் பள்ளி என்று பாடநூல்கள் அதைத்தான் சொல்கின்றன. அதன் முதல் தலைவர் வால்டர் வில்லியம்ஸ், பட்டம் எதுவும் பெறாத பத்திரிகையாசிரியர். வகுப்பு தொடங்கிய நாளிலேயே மாணவர்களைக் கொண்டு ஒரு நாளிதழை வெளிக்கொண்டு வந்தார். இந்தத் தொழிலைச் செய்துதான் கற்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூலை 7ஆம் தேதி, திருநெல்வேலி செஷன்ஸ் நீதிமன்றத்தில் 23 வயது இளைஞர் ஒருவருக்கு 10 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்தார் நீதிபதி பின்ஹே. அந்த இளைஞர் செய்த குற்றம், பேசியது. மக்கள் கூடிய இடத்தில், மக்களுக்குப் புரிகிற தமிழில், ஆட்சியை எதிர்த்துப் பேசியது. அவர் பெயர் சுப்பிரமணிய சிவா. உடன் தண்டிக்கப்பட்ட வ.உ.சிதம்பரனாருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள். அவற்றில் ஒன்று, சிவாவுக்கு ஆதரவு கொடுத்தார் என்பதற்காகவே விதிக்கப்பட்டது. பேசியவருக்கும் தண்டனை, அவர் பேச இடம் கொடுத்தவருக்கும் தண்டனை. மேடைப் பேச்சின் வலிமைக்கு ஓர் அரசாங்கமே எழுதிக் கொடுத்த சான்று அந்தத் தீர்ப்பு.

மார்க்கெட்டிங்கும் ஊடகத் தொடர்பியலும் இன்று பல்கலைக்கழகப் பாடங்கள். மாணவர்கள் ‘விஸ்காம்’, ‘மாஸ் காம்’ என்று சுருக்கிச் சொல்கிற படிப்புகள் மாவட்டந்தோறும் வந்துவிட்டன. இவை வகுப்பறைக்குள் வருவதற்கு முன்னால் தமிழர்கள் அந்தத் தொழிலை எங்கே, யாரிடம் கற்றார்கள் என்று தேடிப் போனால், அந்த வழிகளில் ஒன்று தர்மபுரி நகருக்கு வடமேற்கே, பென்னாகரம் வட்டத்துப் பாப்பாரப்பட்டியில் கொண்டுபோய் விடும். சிவா தம் கனவுக்கு இடம் தேடி வந்தது இந்த ஊருக்கு. உயிர் நீத்ததும் இங்கேதான்.

அவருடைய கல்வி தொடங்கியது தூத்துக்குடிக் கடற்கரையில்.

வத்தலக்குண்டில் 1884 அக்டோபர் 4ஆம் தேதி பிறந்த சிவா, 1908இன் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு வந்தபோது அங்கே ஒரு பெரிய வணிகப் போர் நடந்துகொண்டிருந்தது. சுதேசி நாவாய்ச் சங்கத்தை வ.உ.சி. 1906 அக்டோபரில் பதிவு செய்திருந்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அந்தப் பங்குகளை விற்க ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. பம்பாய் வரை சென்று கப்பலோடு திரும்பினார் வ.உ.சி. ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடத் தொடங்கின.

எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அது கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனி பயணிகளைக் காசு வாங்காமலே ஏற்றிக்கொள்ள முன்வந்தது. ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இனாம் என்றது. விலைப்போர், இலவசப் பரிசு, சந்தையில் புதிதாய் வந்தவரை மூச்சுத் திணறவைக்கும் உத்தி என்று இன்றைய மார்க்கெட்டிங் வகுப்பில் தனித்தனிப் பாடமாக வருகிறவை எல்லாம் ஒரே துறைமுகத்தில், ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்தன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்க்கெட்டிங் என்ற பெயரோடு ஒரு பாடம் வந்ததே 1905இல்தான். அதாவது அங்கே பாடம் எழுதப்பட்ட அதே ஆண்டுகளில் இங்கே அது வாழ்க்கையாகவே நடந்திருக்கிறது.

இலவசத்தையும் குடையையும் எதிர்த்து நிற்க சுதேசிக் கம்பெனியிடம் பணம் இல்லை. இருந்தது நாட்டுணர்வு ஒன்றுதான். அதை மக்களிடம் எழுப்பியது பேச்சு. வ.உ.சி.யும் சிவாவும் கடற்கரையில் கூட்டம் கூட்டிப் பேசினார்கள். பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அதே மேடை அவர்களுக்கும் துணையானது. கூலி உயர்ந்தது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் கிடைத்தது. சொல்லைக் கேட்டவர்கள் செயலில் இறங்கினார்கள். மார்ச் 12ஆம் தேதி கைது, மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், ஜூலையில் தீர்ப்பு. உயர்நீதிமன்றம் சிவாவின் தண்டனையை 6 ஆண்டாகக் குறைத்தது.

அந்தச் சிறைவாசம் அவர் உடம்பை அழித்தது. சிறையில் தொழுநோய் பற்றியது. 1912 நவம்பரில் விடுதலையானார். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புலிட்சர் கொடுத்த பணத்தில் இதழியல் பள்ளி தொடங்கியதும் அதே இலையுதிர்காலத்தில்தான்.

வெளியே வந்தவர் ஓய்ந்து உட்காரவில்லை. 1913இல் சென்னையில் ‘ஞானபாநு’ என்ற மாத இதழைத் தொடங்கினார். அன்றைய நிலைமையில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி புதிதாக அச்சுக்கூடம் வைப்பவரிடம் 500 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கேட்க அரசுக்கு அதிகாரம் இருந்தது. எழுதியது பிடிக்காவிட்டால் அந்தத் தொகை பறிபோகும். தமிழ் இதழ்களில் என்ன வருகிறது என்று அரசு மொழிபெயர்ப்பாளர்கள் படித்து, ஆங்கிலத்தில் சுருக்கி, மேலிடத்துக்கு முறையாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ராஜதுரோகக் குற்றத்துக்குச் சிறை சென்று வந்த ஒருவர், தீராத நோயோடு, இந்தக் கண்காணிப்புக்கு நடுவே சந்தா திரட்டி இதழ் நடத்தினார்.

அந்த இதழில்தான் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதி எழுதினார். சொந்தப் பெயரில் எழுதினால் இதழுக்கு ஆபத்து என்பதால் பல எழுத்துகள் புனைபெயரில் வந்தன. பாரதியின் ‘சின்னச் சங்கரன் கதை’ வெளிவந்ததும் ‘ஞானபாநு’வில்தான். தமிழின் மிகப் பெரிய கவிஞர் ஒருவருக்கு எழுத இடமே அரிதாக இருந்த ஆண்டுகளில் அந்த இடத்தைத் திறந்து வைத்திருந்தவர் சிவா. இந்த ஒரு பணிக்காகவே தமிழ் இதழியல் வரலாறு அவருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் மாணவர்கள் கவனிக்கத் தக்கது. 1915இல் ‘ஞானபாநு’ வாசகர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. வடமொழிச் சொல் ஒன்றுகூடக் கலக்காத தமிழில் திருவள்ளுவரைப் பற்றி எழுதுவோருக்கு 5 ரூபாய் பரிசு. தொகை சிறியதுதான். ஆனால் தனித்தமிழ் இயக்கம் பெயரெடுப்பதற்குச் சற்று முன்னால், ஒரு விவாதத்தை வாசகர் கையிலேயே கொடுத்து, எழுதிப் பாருங்கள் என்று அழைத்தது அந்த அறிவிப்பு. வாசகரைப் பங்கேற்க வைப்பது பற்றி இன்று பக்கம் பக்கமாகப் பாடம் உண்டு. அதை ஒரு சிறிய மாத இதழின் ஆசிரியர் அன்றே உணர்ந்திருந்தார்.

‘ஞானபாநு’வுக்குப் பிறகு 1916இல் ‘பிரபஞ்ச மித்திரன்’, அதன் பின் ‘இந்திய தேசாந்திரி’. ஒன்று நின்றால் மற்றொன்று. இடையிடையே நூல்கள் எழுதினார். நாடகமும் அவருக்கு ஒரு மேடையாக இருந்தது. எழுத்தறிவு மிகக் குறைவாக இருந்த காலம் அது. அச்சில் வந்ததைப் படிக்கத் தெரியாதவர்களை நாடகத்தாலும் சொற்பொழிவாலும் மட்டுமே எட்ட முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்பவர் யார் என்று பார்த்துத் தன் கருவியை மாற்றிக்கொண்டே வந்தவர் அவர்.

நோய் முற்றியதும், தொழுநோயைக் காரணம் காட்டி அவர் ரயிலில் ஏறக்கூடாது என்று அரசு தடை போட்டது. ஊர் ஊராகச் சென்று பேசுவதே தொழிலாகக் கொண்டவருக்கு இதைவிடக் கொடிய தண்டனை இருக்க முடியாது. கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் போனார். புண்களுக்குத் துணி சுற்றிக்கொண்டு மேடையேறினார்.

இப்படித்தான் பாப்பாரப்பட்டி அவர் வாழ்க்கைக்குள் வருகிறது. அன்று அது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். தர்மபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். இவ்வூரைச் சேர்ந்த சின்னமுத்து முதலியார் போன்ற நண்பர்களின் துணையோடு இங்கே நிலம் வாங்கி, பாரத ஆசிரமம் அமைத்து, அந்த இடத்துக்குப் பாரதபுரம் என்று பெயரிட்டார் சிவா. அங்கே பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப வேண்டும் என்பது அவர் திட்டம். சாதி, மதம் பாராமல் எல்லோரும் நுழையக்கூடிய ஆலயம்.

இந்தத் திட்டத்தை வெறும் பக்தி என்று படித்துவிட்டுப் போனால் முக்கியமான ஒன்று தவறிப்போகும். பேச்சு காற்றோடு போகும். இதழ் பறிமுதலாகும். பேசியவர் சிறைக்குப் போவார். இவை மூன்றையும் பட்டறிந்தவர் சிவா. நாடு என்கிற கருத்து படிக்காத உழவர் மனத்திலும் தங்க வேண்டுமானால் அதற்கு ஓர் உருவமும் ஓர் இடமும் வேண்டும். 1905இல் அபனீந்திரநாத் தாகூர் பாரத மாதாவை ஓவியமாகத் தீட்டியிருந்தார். சிவா அந்த உருவத்துக்குக் கோயில் கட்ட நினைத்தார். பத்து வருடத்துக்கு மேல் மேடையிலும் அச்சிலும் உழைத்த ஒருவர் கடைசியாகக் கண்டடைந்த ஊடகம் அந்த ஆலயம் என்றே கொள்ள வேண்டும்.

1923 ஜூனில் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் பாப்பாரப்பட்டிக்கு வந்து ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். அவர் அந்த ஆண்டுதான் சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கி நாடெங்கும் சுற்றிக்கொண்டிருந்தார். வங்காளத்தின் முதன்மைத் தலைவர் சேலம் மாவட்டத்தின் ஓர் ஓரத்துக்கு வந்தார் என்றால், அழைத்தவரின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்க வேண்டும்! காசியில் சிவபிரசாத் குப்தா கட்டிய பாரத மாதா ஆலயத்தைக் காந்தி திறந்து வைத்தது 1936இல். அதற்கு 13 ஆண்டுகள் முன்பே பாப்பாரப்பட்டியில் கல் விழுந்துவிட்டது.

சிவா காலத்தில் அந்த ஆலயம் எழவில்லை. 1925 ஜூன் 16 அன்று தாஸ் டார்ஜிலிங்கில் காலமானார். ஜூலை 23 அன்று சிவா பாப்பாரப்பட்டியில் காலமானார். அவருக்கு வயது 40. இன்று இவ்வூரில் அவருக்கு மணிமண்டபமும், அரசு எழுப்பிய பாரத மாதா நினைவாலயமும் உள்ளன. மாவட்டத்தின் இன்னொரு மூலையில், கோபாலபுரத்தில் இயங்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவர் கையாண்ட தொழில் தமிழ்நாட்டில் மெல்லத்தான் வகுப்பறைக்குள் வந்தது. 1920இல் அன்னி பெசன்ட் அடையாறில் நடத்திய தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் வகுப்பு தொடங்கியது. இந்தியாவில் முறையாக நடந்த முதல் இதழியல் வகுப்பு அது. அது நீண்டநாள் நிலைக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் இதழியல் படிப்பைத் தொடங்கியது 1947இல், நாடு விடுதலை பெற்ற ஆண்டில். டில்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் 1965இல் வந்தது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலி ஒலித்தது. தர்மபுரிப் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு அருகில் வந்தது, 1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் அமைந்த பிறகுதான். இதழியலுக்கும் மக்கள் தொடர்பியலுக்கும் அங்கே தனித்துறை இருக்கிறது.

பாப்பாரப்பட்டியிலேயே ஒரு பல்கலைக்கழகத்தின் கிளை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இவ்வூரில் இயங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்ததை உழவருக்குப் புரியும்படி சொல்லி, வயலில் செய்து காட்டி, அவர் கேட்கும் கேள்வியைத் திரும்பக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. அதுவும் தொடர்பியல்தான், பெயர்ப் பலகையில் அந்தச் சொல் இல்லை, அவ்வளவே.

தொடர்பியல் வகுப்பில் முதல் மாதத்திலேயே அமெரிக்க அறிஞர் லாஸ்வெல் வந்துவிடுவார். யார், எதை, எந்த வழியாக, யாருக்குச் சொல்கிறார், என்ன விளைவு என்று அவர் 1948இல் வகுத்த கேள்விகளை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். நல்ல கேள்விகள்தான். அவற்றை வைத்துத் தூத்துக்குடிக் கடற்கரையையும், ‘ஞானபாநு’வையும், பாரதபுரத்தையும் ஆராய்ந்து பார்க்கும் வகுப்புகள் பெருக வேண்டும். கப்பல் கம்பெனிகளின் கட்டணப் போரை மார்க்கெட்டிங் ஆசிரியர்கள் முதல் பருவத்திலேயே நடத்தலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்து அரசுக் கோப்புகள் இருக்கின்றன. பழந்தமிழ் இதழ்களைப் பேணும் ரோஜா முத்தையா நூலகமும் சென்னையில் இருக்கிறது. சேலத்திலும் தர்மபுரியிலும் ஊடகம் படிக்கிற மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும் அடுத்த ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது பாப்பாரப்பட்டிக்குப் பேருந்து ஏறட்டும். சிவா நடத்திய இதழ்களைத் தேடித் தொகுக்கட்டும். அந்த வேலையை எடுத்துச் செய்யும் முதல் உரிமையும் கடமையும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கே உண்டு.