தோற்பதனமும் அருங்காட்சியகக் கல்வியும்

அருங்காட்சியகப் பணிக்குப் பயில்வோர் கல்வெட்டும் படிமமும் கற்றல் இயல்பு. பொருள்கள் அழியுமாற்றை அறிதலும் அவர்க்குரிய பாடமேயாம். இதற்கு இராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத் தோற்றொழிலின் வரலாறு தக்க சான்றாகின்றது.

சென்னை மாகாணத்தார் ஆவாரம்பட்டையால் தோலைப் பதனிட்டுக் கடுக்காயால் நிறைவு செய்தனர். கிழக்கிந்தியத் தோல் எனப் பெயர்பெற்ற இச்சரக்கு இலண்டனில் நூற்கட்டடத்திற்குப் பயன்பட்டது. ஆங்கு நூலகங்களில் தோலட்டைகள் செம்பொடியாய் உதிர்ந்தன. காரணம் ஆராயக் கலைக்கழகம் குழுவொன்றை அமைத்தது. 1905-இல் நூலாக வெளிவந்த அதன் அறிக்கை, நிலைத்து நிற்கவேண்டிய நூல்களுக்கு இத்தோல் ஆகாதென்றது. பட்டையின் துவர்ப்பொருள் நகரக்காற்றின் கந்தக வாயுவால் எளிதிற் கெடும். கடுக்காயின் துவர்ப்பொருள் அதனை மேலும் தாங்கும். ஆகவே, பதனமுறை அறியாதார் தோலட்டையின் நோயறியார் என்பது பெறப்படும்.

இத்தகைய வேதியியலறிவு காப்பகங்களுக்குள் புகுந்தது பின்னரே. பிரித்தானிய அருங்காட்சியகம் 1920-இல் ஆய்வுக்கூடம் கண்டது. 1851-இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியற் காப்புக்கூடம் அமைந்தது. அங்கே வேதியியலறிஞர் பரமசிவன் செப்புத்திருமேனிகளை அரிக்கும் களிம்பை மின்பகுப்பு முறையால் நீக்கினார். 1952-இல் பரோடாப் பல்கலைக்கழகம் அருங்காட்சியகவியலைத் தனித்துறையாக்கியது.

இன்று இராணிப்பேட்டையில் குரோமியப் பதனமே மேலோங்கியுள்ளது. பட்டைப்பதனம் அறிந்த தொழிலாளரின் சொல்லும் செய்முறையும் எழுதி வைக்கப்படாவிடின், நம் நூலகங்களிலுள்ள பழைய தோலட்டைகளைக் காக்க வருவோர்க்கு அப்பொருளின் பிறப்பே தெரியாது போகும். தமிழாய்வு மாணவர் அத்தொழிற்சொற்களைத் தொகுத்தலும் காப்புப்பணியின் ஒரு கூறே என்பது நம் துணிபு.