தண்ணி பாலாகின கதை

இன்ஸ்டகிராமில் ஒரு வகைப் படம் அடிக்கடி கண்ணில் படும். பாறையைச் சுத்திக் கடல் புகை மாதிரிப் படர்ந்திருக்கும். அருவி பால் ஊத்தினது போல விழும். அலை இல்லை, நுரை இல்லை, பெரும்பாலும் ஆக்களும் இல்லை. இண்டைக்கு இதைக் காசு குடுத்து ஃபில்டர் வாங்கி எடுக்கிறோம். ஆனால் ஒளிப்படக்கலையின் தொடக்கத்தில் இது ஒரு குறைபாடு.

கமராவால் எடுத்து இண்டைக்கும் மிஞ்சியிருக்கிற மிகப் பழைய படம், பிரான்சில் நியெப்ஸ் 1826-27 அளவில் தன் வீட்டு ஜன்னலால் எடுத்தது. அதுக்கு எட்டு மணித்தியாலமாவது எடுத்திருக்கும் எண்டு கணிக்கிறார்கள். 1838இல் டகேர் பாரிஸ் தெரு ஒன்றைப் படம் எடுத்தபோது சில நிமிடங்கள் போதுமாக இருந்தது. அப்படியும் அந்தப் பெருந்தெரு வெறிச்சோடிக் கிடக்கு. வண்டியும் சனமும் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஓர் இடத்தில் நிக்காத எதுவும் தகட்டில் பதியவில்லை, அவ்வளவுதான். சப்பாத்துத் துடைக்கக் காலை நீட்டிக்கொண்டு நிண்ட ஓர் ஆள் மட்டும் தப்பிவிட்டார்.

கடலுக்கும் அதே கதிதான். 1851இல் ஆர்ச்சரின் கொலோடியன் முறை வந்து நேரம் செக்கன்களாகக் குறைஞ்சது. எண்டாலும் அலையைப் பிடிக்கிறது லேசில்லை. அலைக்கு அளந்து எடுத்தால் வானம் வெளிறிப்போகும், வானத்துக்கு அளந்தால் கடல் இருண்டுவிடும். 1857இல் குஸ்தாவ் லு கிரே, பிரான்சின் செத் கரையில் எடுத்த கடலையும் வேறொரு நெகட்டிவில் இருந்த வானத்தையும் தொடுவானத்தில் ஒட்டி ஒரே படமாக்கினார். ‘பெரிய அலை’ எண்ட அந்தப் படத்தில் அலை உறைஞ்சு நிக்குது. அந்தக் காலத்துச் சாதனை அலையை நிப்பாட்டினதுதான், கரைச்சது இல்லை.

நாலு வருசம் கழிச்சு, 1861இல், கலிபோர்னியாவின் யொசெமிட்டி பள்ளத்தாக்குக்கு கார்ல்டன் வொட்கின்ஸ் பெரிய கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளில் ஏத்திக்கொண்டு போனார். அவருடைய படங்களில் அருவிகள் வெள்ளைத் துணி போல விழும், ஆறு கண்ணாடி போலக் கிடக்கும். 1864இல் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டதுக்கு இந்தப் படங்களும் ஒரு காரணம் எண்டு சொல்லப்படுகிறது.

அதே படங்களைத் திரும்ப ஒருக்கா பாருங்கள். மனிதர் காலே படாத இடம் போலத்தான் தெரியும். ஆனால் அது அவானீச்சி மக்களின் ஊர். வொட்கின்ஸ் போறதுக்குப் பத்து வருசம் முந்தி, 1851இல், மரிபோசா படையணி உள்ளே நுழைஞ்சு குடியிருப்புகளை எரிச்சு அவர்களைத் துரத்தியது. கமரா அவர்களை அழிக்கவில்லை, அதைச் செய்தது துப்பாக்கி. கமரா செய்தது வேறொன்று: வெறுமையாக்கப்பட்ட இடத்தை, எப்பவுமே வெறுமையாக இருந்த இடம் போல அழகாகக் காட்டியது. திரும்பி வந்தவர்களின் பரம்பரை இருபதாம் நூற்றாண்டிலும் அங்கே வாழ்ந்தது. 1969இல் அவர்களின் கடைசிக் குடியிருப்பும் இடிக்கப்பட்டது.

வொட்கின்சுக்கு அந்த மங்கலைத் தவிர்க்க வழி இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கு. இண்டைய கமரா அலையைச் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திலேயே பிடிச்சிடும். அதனால்தான் வெளிச்சத்தை வேணுமெண்டே குறைக்க லென்சுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போடுறோம். பத்து ஸ்டொப் என்டி ஃபில்டர் கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். அறுபதில் ஒரு செக்கனில் எடுக்கக்கூடிய படத்துக்குப் பதினேழு செக்கன் தேவைப்படும். அந்தப் பதினேழு செக்கனுக்குள் கரையால் நடந்துபோற ஆள் தடமே இல்லாமல் மறைஞ்சுபோவார்.

இதைப் பொய் எண்டு தள்ள ஏலாது. மைக்கேல் கென்னா ஹொக்கைடோவில் எடுத்த கடல்களைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத காலத்தை ஃபிலிம் சேர்த்து வச்சிருக்கிறது விளங்கும். அந்த அழகு உண்மையானது. ஆனால் லு கிரேக்கும் வொட்கின்சுக்கும் கட்டாயமாக இருந்தது எங்களுக்குத் தெரிவாக மாறியிருக்கு. தெரிவு எண்டால் அதுக்குப் பொறுப்பும் இருக்கு. தண்ணி பாலாக ஓடுற படத்துக்கு லைக் போடுறதுக்கு முன்னால், ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் அந்த இடத்தால் யார் போயிருப்பார்கள் எண்டும் ஒருக்கா கேட்டுப் பார்க்கலாம்.